வாசகர் கேள்வி பதில்: டிஷ்வாஷரில் தண்ணீர் சூடாகாதபோது எதைச் சந்தேகிப்பது?

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வெப்பநிலை சென்சார் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் டிஷ்வாஷரின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. சில வாரங்களாகக் கழுவும் சுற்று பாதியிலேயே நின்று, தண்ணீரின் வெப்பநிலை தொடர்பான பிழைக் குறியீடு ஒன்று திரையில் வருகிறது. சில நாள்களில் சுற்று முழுமையாக முடிந்தாலும், ஆட்டிறைச்சி சமைத்த சட்டியில் வெள்ளையாக ஒரு படலம் அப்படியே ஒட்டியிருக்கிறது. பழுது பார்க்க வந்தவர் இயந்திரத்தைத் திறந்தும் பார்க்காமல், போர்டு (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) போய்விட்டது, மாற்ற 700 ரிங்கிட் ஆகும் என்றார். பக்கத்து வீட்டுக்காரரோ சென்சார்தான் பழுது என்கிறார். என் மகனிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. உண்மையான பழுது எது என்பதை நாங்களே கண்டறிய வழி உண்டா? — வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வழி உண்டு, அம்மா. எதையும் அளந்து பார்க்காமல் சொல்லப்பட்ட முடிவை நம்பிப் போர்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அதே காரணத்தால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு உடனே சென்சார் வாங்கவும் வேண்டாம். தனக்கு வந்து சேர்ந்த வெப்பநிலை அளவு நம்பும்படியாக இல்லை என்று போர்டு கருதும்போதுதான் அந்தக் குறியீடு தோன்றுகிறது. அளவு தவறியது சென்சாரிலா, வயரிலா, கனெக்டரிலா, போர்டிலேயா, அல்லது அளவு சரியாகவே வந்தும் தண்ணீர் உண்மையிலேயே சூடாகவில்லையா என்பதைக் குறியீட்டால் சொல்ல முடியாது. அதை நாம்தான் அளந்து பிரித்தறிய வேண்டும்.

முதலில் கையேட்டை எடுத்துக் குறியீட்டின் விளக்கத்தைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். சென்சாரின் அளவு ஏற்கத்தக்க எல்லைக்கு வெளியே போய்விட்டது என்பது ஒரு வகைக் குறியீடு. குறித்த நேரத்துக்குள் தண்ணீர் தேவையான சூட்டை எட்டவில்லை என்பது இன்னொரு வகை. பல தயாரிப்பாளர்கள் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு எண்களைத் தருகிறார்கள். முதல் வகை என்றால் சந்தேகம் சென்சார் பக்கமும் அதன் வயர் பக்கமும் சாய்கிறது. இரண்டாம் வகை என்றால் ஹீட்டர், அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலே, நீரோட்டம் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்து, ஒரு திருகாணியையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிளக்குக்கும் சுவருக்கும் இடையே பொருத்தும் 13 ஆம்பியர் வாட்மீட்டர் ஒன்றை வாங்கி, வெந்நீர் தேவைப்படும் திட்டத்தில் இயந்திரத்தை ஓட விடுங்கள். பம்பு மட்டும் ஓடும்போது நூறு வாட்டை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ காட்டும் மீட்டர், ஹீட்டர் இயங்கத் தொடங்கியதும் 1,800 முதல் 2,200 வாட் வரை தாவ வேண்டும். ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் சுமார் 4 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற, 2,000 வாட் ஹீட்டருக்குத் தண்ணீரின் கணக்கில் மட்டும் ஏறக்குறைய மூன்றரை நிமிடம் வேண்டும். பாத்திரங்களும் எஃகு உட்கூடும் தம் பங்குக்கு வெப்பத்தை வாங்கிக்கொள்வதால், நடைமுறையில் அதைவிடக் கணிசமாகக் கூடும். மீட்டர் அவ்வளவு உயரத்துக்குத் தாவவே இல்லை என்றால் ஹீட்டருக்கு மின்சாரம் போகவில்லை. தாவி, ஓரிரு நிமிடத்திலேயே கீழே இறங்கிவிட்டால், தண்ணீர் சூடாகிவிட்டதாகப் போர்டு தவறாக எண்ணுகிறது என்று பொருள். சென்சார் மீதான சந்தேகம் அங்கேதான் வலுப்பெறுகிறது. அந்தக் கட்டத்தில் கதவை மெல்லத் திறந்து, ஆவி அடங்கிய பின், அடியில் தேங்கிய நீரில் சமையல் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட வெள்ளைப் படலம் நல்ல தடயம். தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே ஏறக்குறைய அதைவிடச் சற்றுச் சூடாகத்தான் வருகிறது என்பதால், தேங்காய்ப்பால் குழம்பு வைத்த பாத்திரம் ஹீட்டர் வேலை செய்யாவிட்டாலும் ஓரளவு சுத்தமாக வந்துவிடும். ஆட்டுக்கொழுப்போ 40 டிகிரிக்கு மேல்தான் உருகத் தொடங்கும். குளிர்நாடுகளில் முதல் நாளே தெரிந்துவிடும் இந்தப் பழுது, இங்கே ஆட்டுக்கறி சமைக்கும் நாள் வரை மறைந்து கிடக்க முடிவது இதனால்தான்.

இயந்திரத்தைத் திறக்கும் முன் அடி வடிகட்டியையும் கழற்றிக் கழுவுங்கள். கறிவேப்பிலைக் காம்பு, கடுகு, சோற்றுப் பருக்கை எல்லாம் சேர்ந்து வடிகட்டியை அடைத்தால் நீரோட்டம் குறையும். போதிய நீரோட்டமோ நீரழுத்தமோ இல்லாதபோது ஹீட்டரை இயக்கவிடாத பாதுகாப்பு ஏற்பாடு பல இயந்திரங்களில் இருக்கிறது. அவ்வாறான இயந்திரத்தில் சென்சாரும் நன்றாக, ஹீட்டரும் நன்றாக இருந்தும் தண்ணீர் மட்டும் சூடாகாது. காசு செலவில்லாத இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் உதிரிப்பாகம் வாங்குவோர் பலர்.

இதற்குப் பிறகுதான் மல்டிமீட்டருக்கு வேலை. சுவிட்சை அணைத்தால் போதாது; பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கி, தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள். உள்ளே இருக்கும் தகட்டு விளிம்புகள் கூர்மையானவை என்பதால் உங்கள் மகன் கையுறை அணிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான இயந்திரங்களில் சென்சார், தண்ணீர் தேங்கும் அடிக்குழிக்குப் பக்கத்திலோ பம்பை ஒட்டியோ இருக்கும். கீழ் முன்தகட்டைக் கழற்றியோ இயந்திரத்தைச் சாய்த்தோ அதை எட்டலாம். சில வகைகளில் அது தண்ணீரின் கலங்கலை அறியும் சென்சாருடனும், சிலவற்றில் ஹீட்டருடனும் ஒரே பாகமாக இணைந்திருக்கும்.

உள்ளே இருப்பது என்.டி.சி வகைத் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். எத்தனையோ டிஷ்வாஷர்களில் 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் வகையே பயன்படுகிறது. அந்த வகையானால் 30 டிகிரியில் சுமார் 8,000, 40 டிகிரியில் 5,300, 50 டிகிரியில் 3,600, 60 டிகிரியில் 2,500 ஓம் என்று அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். எல்லா நிறுவனமும் இதே மதிப்பைப் பயன்படுத்துவதில்லை. 25 டிகிரியில் சுமார் 5,000 ஓம், 50,000 ஓம் காட்டும் சென்சார்களும் உண்டு. ஆகவே உங்கள் மாடலின் சர்வீஸ் அட்டவணையில் உள்ள எண்களே உங்களுக்குப் பொருந்தும். இணையத்தில் யாரோ ஒருவர் தம் இயந்திரத்துக்குச் சொன்ன எண் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

கனெக்டரைக் கழற்றியதும் மீட்டரை வைப்பதற்கு முன் அதன் இரண்டு பின்களையும் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு படிந்திருக்கிறதா, ஈரம் கசிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, இரு பின்களிலும் முனைகளை வையுங்கள். உலோக முனைகளை ஈர விரலால் தொட வேண்டாம். உடலின் மின்தடையும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். காற்றோட்டமான கோலாலம்பூர் சமையலறையில் இந்த வகைச் சென்சார் 8,000 ஓமை ஒட்டிக் காட்டும். அப்படியே உள்ளங்கையில் மூடிப் பிடித்தால், சில விநாடிகளில் எண் வழுக்கிக்கொண்டே 7,000க்குக் கீழே வரும். கையை எடுத்தால் மெல்ல ஏறும். இந்த ஏற்ற இறக்கம் தடங்கலின்றி நடக்க வேண்டும். எண் திடீரென்று தாவுவதும், ஒரேயடியாக நின்றுவிடுவதும் பழுதின் அடையாளங்கள்.

ஒரே வெப்பநிலையில் எடுத்த அளவை வைத்துச் சென்சார் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. என் அனுபவத்தில் பழுது பார்ப்பவர்களிடம் நான் அதிகம் காணும் குறை இதுதான். அறை வெப்பத்தில் சரியாகக் காட்டும் சென்சார், சூட்டில் தடம் மாறுவது உண்டு. ஆகவே ஒரு குவளை நீரில் ஐஸ் கட்டிகளை நிறையப் போட்டுக் கலக்கி, சென்சாரின் முகப்பு மட்டும் நனையும்படி வையுங்கள்; பின்கள் நனையக் கூடாது. பூச்சிய டிகிரியை ஒட்டிய அந்த நீரில் 10,000 ஓம் வகை சுமார் 33,000 ஓம் காட்டும் என்பதால் மீட்டரை அடுத்த அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு வெந்நீர்க் குவளையில் சமையல் வெப்பமானியையும் சென்சாரையும் சேர்த்து வைத்து, நீர் ஆற ஆற 60, 50, 40 டிகிரிகளில் அளவுகளைக் குறித்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மூன்று இடங்களிலும் பொருந்தினால் சென்சார் நிரபராதி.

அப்போது சந்தேகம் வயருக்கு மாறுகிறது. சென்சாரைத் திரும்பப் பொருத்தி, போர்டு முனையில் கனெக்டரைக் கழற்றி, அந்த இரண்டு வயர்களுக்கு இடையே மறுபடி அளவெடுங்கள். சென்சாரில் நேரடியாகக் கிடைத்த எண்ணே இங்கும் கிடைக்க வேண்டும். அளக்கும்போதே வயரை அங்கங்கே மெல்ல அசைத்தால், உள்ளே அறுந்து தொட்டுக்கொண்டிருக்கும் இழை தன்னைக் காட்டிக்கொடுக்கும். சில நாள் வேலை செய்து சில நாள் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்த வகைப் பழுதுக்கும் ஈரம் புகுந்த கனெக்டருக்கும் உரிய குணம். இரண்டு பின்களுக்கு இடையே படிந்த ஈரம் இன்னொரு 10,000 ஓம் பாதையைத் திறந்துவிட்டால், 25 டிகிரியில் 10,000 காட்ட வேண்டிய சென்சார் போர்டுக்கு 5,000 என்று காட்டும். போர்டு அதை 40 டிகிரிக்கு மேல் என்று படித்துவிடும். ஈரம் காய்ந்த நாளில் எல்லாம் சரியாகிவிடும்.

சென்சாரும் வயரும் சரி என்றால் ஹீட்டரை அளங்கள். 2,000 வாட் ஹீட்டரின் இரு முனைகளுக்கு இடையே 25 முதல் 30 ஓம் வரை இருக்க வேண்டும். முடிவிலி காட்டினால் அது அறுந்திருக்கிறது. ஹீட்டர் முனைக்கும் உடற்தகட்டுக்கும் இடையே மின்தடை சிறிதாகக் காட்டினால் கசிவு இருக்கிறது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்.சி.சி.பி சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டரைத்தான்; சில வோல்ட்டில் இயங்கும் சென்சார் அதற்குக் காரணமாவது அரிது. ஹீட்டரும் சரி என்றால் மட்டுமே போர்டின் முறை வருகிறது. ஹீட்டரை இயக்கும் ரிலேயைச் சுற்றிப் பழுப்பு நிறக் கருகல், வெடித்த ஈயப்பற்று, பல்லியோ கரப்பானோ புகுந்து கிடந்த தடம் ஆகியவற்றைத் தேடுங்கள். ரிலே மட்டும் போயிருந்தால் போர்டு முழுவதையும் மாற்றத் தேவையில்லை. புடு வட்டாரத்தில் ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ரிலே மாற்றுவது 230 வோல்ட் மின்சாரம் ஓடும் இடத்தில் செய்யும் வேலை. உங்கள் மகன் அளவெடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, அந்தப் பட்டறை வேலையைத் தேர்ந்த மின்னணுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடட்டும்.

கேள்வி: கடலை நோக்கிய அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம், பாத்திரம் கழுவும் இயந்திரம் பின்பால்கனியில் இருக்கிறது. அண்மையில் சென்சார் பழுது என்று புதியதைப் போட்டார்கள். இப்போது குறியீடு வருவதில்லை. ஆனால் தட்டுகள் தொட முடியாத சூட்டில் வருகின்றன, பிள்ளையின் உணவுப் பெட்டி வளைந்துவிட்டது. சென்சார் புதியது என்பதால் அதில் தவறே இருக்க முடியாது என்கிறார் மாற்றியவர். — வாசகர், தஞ்சோங் தோக்கோங், பினாங்கு

பதில்: ஐயா, சென்சார் புதியதாகவும் இருக்கலாம், உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தாததாகவும் இருக்கலாம். 10,000 ஓம் சென்சாரை எதிர்பார்க்கும் போர்டுக்கு 12,000 ஓம் சென்சாரைப் பொருத்தினால் இயந்திரம் குறியீடு எதுவும் காட்டாமல் ஓடும். ஏனெனில் இரண்டுமே ஏற்கத்தக்க எல்லைக்குள் இருப்பவை. ஆனால் தண்ணீர் உண்மையில் 60 டிகிரியை எட்டும்போது போர்டு அதை 55 என்று படித்து, இன்னும் ஏற்றச் சொல்லும். மாற்றியவரிடம் பழைய சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். இரண்டின் உதிரிப்பாக எண்களும் ஒன்றா, ஒரே அறையில் இரண்டும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். இணைப்பு முனை ஒன்றாக இருக்கிறது, வடிவம் ஒன்றாக இருக்கிறது என்பது போதாது.

எண்கள் ஒத்துப்போனால், கடற்காற்றைச் சந்தேகிக்கிறேன். உப்பு ஈரத்தில் கனெக்டரின் உலோகப்பற்றுகள் அரித்து, தொடும் இடத்திலேயே ஒரு கூடுதல் மின்தடை உண்டாகும். அந்தக் கூடுதல் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில், சென்சாரே 8,000 ஓம் காட்டும்போது, அது பெரிய வேறுபாடாகத் தெரியாது. ஆனால் 60 டிகிரியில் 2,500 ஓமாக இறங்கியிருக்கும் சென்சாரோடு அது சேர்ந்தால் 3,500 ஆகி, போர்டு 51 டிகிரி என்று எண்ணும். ஒன்பது டிகிரி பிழை, அதுவும் சூடு கூடக் கூடப் பெரிதாகும் பிழை. பிளாஸ்டிக் வளைவதற்கு இது போதும்.

போர்டு முனையில் அளந்த எண்ணிலிருந்து சென்சாரில் நேரடியாக அளந்த எண்ணைக் கழித்தால் மிஞ்சுவதே அந்தக் கூடுதல் மின்தடை. அது சில ஓம்களுக்கு மேல் இருக்கக் கூடாது. பின்களை மணற்காகிதத்தால் தேய்க்க வேண்டாம், மேற்பூச்சு போய் முன்னைவிட விரைவில் அரிக்கும். மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் கிளீனரைத் தெளித்துப் பாருங்கள். வயரின் செம்பும் பச்சையாகிவிட்டிருந்தால், களிம்பு ஏறிய பகுதி முடியும் வரை வெட்டிவிட்டுப் புதிய முனை பொருத்த வேண்டும். இந்த வேலை முடியும் வரை அதிகச் சூட்டுத் திட்டங்களை ஓட்டாதீர்கள். வெப்பம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனிப் பாதுகாப்புச் சாதனம் உள்ளே இருந்தாலும், நெருக்கடி நேரத்துக்கென வைத்த அதை அன்றாடம் நம்பி ஓட்டுவது சரியன்று. முடிந்தால் இயந்திரத்தை மழைச்சாரல் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சென்சார் வந்து சேர இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை அதன் இடத்தில் ஒரு சாதாரண 10,000 ஓம் ரெசிஸ்டரை இணைத்து ஓட்டலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். செய்யலாமா? — வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கூடவே கூடாது. தண்ணீர் எவ்வளவு சூடானாலும் அந்த ரெசிஸ்டர் 25 டிகிரி என்றே போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். போர்டும் ஹீட்டரை அணைக்காமல் எரியவிடும். நேர எல்லை வைத்த இயந்திரம் சிறிது நேரத்தில் பிழை காட்டி நின்றுவிடும். வைக்காத இயந்திரத்தில், மேலே சொன்ன பாதுகாப்புச் சாதனம் ஒன்றே உங்கள் வீட்டுக்கும் தீக்கும் இடையே நிற்கும். மின்தடை குறைந்த ரெசிஸ்டரைப் போட்டு, தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருப்பதாகப் போர்டை நம்பவைத்து, ஹீட்டரே இயங்காமல் ஓட்டுபவர்களும் உண்டு. ஆபத்து அதில் குறைவு என்றாலும், கழுவும் தூள் சரியாகக் கரையாமல் பாத்திரத்தில் தங்கும், கொழுப்பும் போகாது. இரண்டு மாதம் கையால் கழுவுவதே மேல், ஐயா. பாகத்தை அனுப்பச் சொல்லும்போது இயந்திரத்தின் மாடல் எண்ணோடு, கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் உற்பத்தி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே மாடலில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சென்சார் பொருத்தப்பட்டிருக்கலாம்.

கேள்வி: வாங்கி எட்டு மாதமே ஆன இயந்திரத்தில் தண்ணீர் சூடாவதில்லை. நாங்கள் வழக்கமாகச் சிக்கனத் திட்டத்தில்தான் ஓட்டுகிறோம். கடைக்காரர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார். நாங்களே திறந்து சென்சாரை அளக்கலாமா? — வாசகி, கெப்போங், கோலாலம்பூர்

பதில்: உத்தரவாதம் இருக்கும்போது திறக்காதீர்கள், அம்மா, திறந்த தடத்தைக் காட்டியே உங்கள் உரிமையை மறுத்துவிடுவார்கள். சிக்கனத் திட்டம் இயல்பாகவே 50 டிகிரியை ஒட்டிய குறைந்த சூட்டில் நீண்ட நேரம் கழுவுவது. பிளாஸ்டிக் கிண்ணங்கள் ஈரமாக வருவதும் பழுதுக்கு அடையாளம் ஆகாது. பீங்கானைப் போல அவை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஆகவே 65 அல்லது 70 டிகிரி என்று குறிக்கப்பட்ட திட்டத்தில் ஒரு முறை ஓட்டி, வாட்மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, இடையில் கதவைத் திறந்து வெப்பமானி வைத்தால் எத்தனை டிகிரி என்பதைத் தேதியோடும் படத்தோடும் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுகளை இணைத்துக் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். ரசீது, உத்தரவாத அட்டை, கடைக்காரர் திருப்பி அனுப்பியபோது கொடுத்த சர்வீஸ் சீட்டு ஆகிய மூன்றின் நகல்களையும் மனுவோடு வையுங்கள்.